இந்திராணி மேடம் டெல்லி எல்லையைத் தாண்டினார்

எங்கள் செக்‌ஷன் ஆபீசர் இந்திராணி மேடத்தைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்லச் சொன்னால் எனக்கு முதலில் எரிச்சல்தான் வரும். பன்னிரண்டு வருஷம் அவருக்குக் கீழே வேலை பார்த்தவன் நான். அந்தப் பன்னிரண்டு வருஷத்தில் என் ஃபைல்களின் ஓரத்தில் அவர் எழுதிய கேள்விகளைக் கத்தரித்து ஒட்டினால் லோதி ரோடு முழுக்க ஒட்டலாம். ஆனால் 1999 மார்ச்சில், ஒரு சனி ஞாயிறு, அவர் செய்துவிட்டு வந்த காரியத்தை நினைத்தால் இன்றைக்கும் பஸ்ஸில் தனியாக உட்கார்ந்து சிரிக்கிறேன். பக்கத்து சீட்காரர் கொஞ்சம் நகர்ந்து உட்காருகிறார்.

மேடம் திருநெல்வேலிக்காரர். 1962இல், இருபத்திரண்டு வயதில், பரீட்சை எழுதிப் பாஸ் செய்து கிளார்க்காக டெல்லி வந்தார். முதலில் கோல் மார்க்கெட்டில் இரண்டு பெண்களோடு சேர்ந்து ஒரு குவார்ட்டர்ஸ், பிறகு கிட்வாய் நகரில் தனியாக ஒன்று. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று கேட்டவர்களிடம் "நேரம் கெடைக்கல" என்பார். வீட்டிலிருந்து ஆபீஸுக்கு நடந்தே வருவார், நடந்தே போவார். முப்பத்தேழு வருஷத்தில் ஒருநாள் தாமதம் கிடையாது, ஒரு மெமோ கிடையாது, சர்வீஸ் புக்கில் ஒரு கறுப்புப் புள்ளி கிடையாது. வருஷத்துக்கு ஒருமுறை அந்தப் புத்தகத்தை எடுத்துவரச் சொல்லிப் பக்கம் பக்கமாகப் புரட்டி, "சுத்தமா இருக்குல்லா" என்று திருப்பிக் கொடுப்பார். அப்போது அவர் முகத்தில் வருகிற பெருமையை வேறு எப்போதும் பார்க்க முடியாது. நகை, நிலம் என்று எதுவும் சேர்க்காத மனுஷிக்கு அதுதான் சொத்து.

மத்திய அரசில் வேலை பார்க்காதவர்களுக்கு இங்கே ஒரு விஷயம் சொல்லியாக வேண்டும். சனி ஞாயிறாகவே இருந்தாலும் நாங்கள் டெல்லியைவிட்டு வெளியே போவதானால் முன்கூட்டியே எழுதிக் கொடுத்து மேலதிகாரியின் கையெழுத்து வாங்க வேண்டும். ஸ்டேஷன் லீவ் என்று பெயர். பல ஆபீஸ்களில் இந்த விதி புத்தகத்துக்குள் தூங்கிக்கொண்டிருக்கும். எங்கள் செக்‌ஷனில் மேடம் அதைத் தினமும் எழுப்பிக் காபி கொடுத்து உட்காரவைத்திருந்தார். விண்ணப்பத்தில் 'நோக்கம்' என்று ஒரு கட்டம் உண்டு. 'சொந்த வேலை' என்று எழுதினால் 'என்ன சொந்த வேலை?' என்ற கேள்வியோடு திரும்பி வரும். நான் ஒரு ஞாயிறு சொல்லாமல் கொள்ளாமல் பெண்டாட்டியோடு மதுரா போய், திங்கள் காலை ரயில் தாமதமாகி மாட்டிக்கொண்டேன். மெமோ வந்தது. பெரியப்பா சீரியஸ் என்று விளக்கம் எழுதினேன். மதுராவில் எனக்குப் பெரியப்பா ஏது? அதற்குப் பிறகும் அவர் இரண்டு முறை சீரியஸாகியிருக்கிறார்.

1998 மே கடைசியில் மேடம் ரிட்டயர் ஆக வேண்டியவர். மாலைக்குச் சொல்லியாகிவிட்டது, சமோசாவுக்குச் சொல்லியாகிவிட்டது. நான் உருக்கமாக ஒரு பேச்சுகூடத் தயார் செய்துவிட்டு, உள்ளுக்குள் குதித்துக்கொண்டிருந்தேன். மாதத்தின் நடுவில் ஆணை வந்தது: ஓய்வு வயது இனி ஐம்பத்தெட்டு அல்ல, அறுபது. என் பேச்சு வீணாகப் போயிற்று. மேடம் இரண்டு நாள் அந்த ஆணையையே திரும்பத் திரும்பப் படித்தார். மூன்றாம் நாள் என்னைக் கூப்பிட்டார்.

"இந்த ரெண்டு வருஷம் நான் எதிர்பாக்காத வருஷம்டே சுப்பு. இதுல என்ன வேணும்னாலும் செய்யலாம் பாத்துக்கோ."

செய்தார். டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்தார். பழைய மாருதி எண்ணூறு ஒன்றை வாங்கினார். நடந்து வரும் தூரத்தைக் காரில் வர ஆரம்பித்தார், முப்பது கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் போகாமல். அவருக்குப் பின்னால் மாட்டிக்கொண்ட ஆட்டோக்காரர்கள் பாவம்.

கயாக் விஷயம் ஒரு ஃபைலில்தான் தொடங்கியது. சாகசப் பயிற்சி கொடுக்கும் ஒரு நிறுவனம் வெளிநாட்டிலிருந்து பன்னிரண்டு கயாக் வரவழைக்க அனுமதி கேட்டிருந்தது. ஒரே ஆள் உட்காருகிற ஒல்லிப் படகு அது என்று எங்களில் யாருக்கும் தெரியாது. மேடம் ஓரத்தில் எழுதினார்: 'கயாக் என்றால் என்ன? படகென்றால் படகு என்றே குறிப்பிடாதது ஏன்?' எந்தக் குறும்புக்காரர் பதில் எழுதினாரோ தெரியவில்லை, இப்படி வந்தது: 'படகில் ஏறுவார்கள். கயாக்கை உடுத்திக்கொள்வார்கள்.'

மேடம் அதை நாலு தடவை படித்தார். "படகை எப்படிடே உடுத்துவாங்க?" என்று என்னைக் கேட்டார். நான் வேட்டி உடுத்தத் தெரியாமல் டெல்லிக்கு வந்தவன், என்னைப் போய்க் கேட்கிறார். ஃபைல் மேலே போய்விட்டது, கேள்வி அவரைவிட்டுப் போகவில்லை. ஒருநாள் பேப்பரில் சின்னதாக ஒரு விளம்பரம் வந்தது. ரிஷிகேஷுக்கு மேலே ஷிவ்புரி என்ற இடத்தில், கங்கைக்கரை மணலில் கூடாரம் போட்டுத் தங்கவைத்து, கயாக் ஓட்டக் கற்றுத்தருகிறார்களாம். மேடம் அதைக் கத்தரித்து மேஜைக் கண்ணாடிக்கு அடியில் வைத்துக்கொண்டார்.

"துணைக்கு யாரையாவது கூட்டிட்டுப் போங்க மேடம்" என்றேன்.

"துணைக்கு வந்தவளுக்குப் பசிக்கா, குளிருதான்னு நான்லா பாக்கணும்? நான் போறது எனக்குடே."

கிளம்ப வேண்டிய வாரம் திங்கட்கிழமையே ஸ்டேஷன் லீவ் விண்ணப்பத்தை எடுத்து நிரப்ப ஆரம்பித்தார். பெயர், பதவி, தேதி எல்லாம் முத்து முத்தாக. 'நோக்கம்' கட்டத்தில் பேனா நின்றுவிட்டது. மற்றவர்களின் நோக்கத்தை முப்பது வருஷம் தோண்டித் துருவியவருக்குத் தன்னுடையதை எழுத வெட்கம். பென்சிலால் என்னவோ எழுதுவார், அழிப்பார், பைக்குள் வைப்பார். வெள்ளிக்கிழமைவரை இதே கூத்து நடந்தது.

சனிக்கிழமை விடியற்காலை ஐந்து மணிக்குக் கிளம்பினார். சரோஜினி நகரில் வாங்கிய நீல டிராக் சூட், ஒரு டின் முறுக்கு, புளியோதரைப் பொட்டலம், எதற்கும் இருக்கட்டும் என்று கோலமாவு டப்பா. யமுனையைத் தாண்டி, காஜியாபாத்தைத் தாண்டி, லாரிகளுக்கு நடுவே நாற்பது கிலோமீட்டர் வேகத்தில் போயிருக்கிறார். மீரட்டுக்கு அப்பால் கரும்பு ஏற்றிய ஒரு டிராக்டரை ஓவர்டேக் செய்திருக்கிறார். அவர் வாழ்க்கையிலேயே ஓவர்டேக் செய்த முதல் வண்டி அது. ஸ்டியரிங்கைத் தட்டித் தட்டிச் சிரித்தாராம்.

ஏழே முக்காலுக்கு என் வீட்டு போன் அடித்தது.

"சுப்பு, நான் கத்தௌலியில எஸ்டிடி பூத்ல நிக்கேன்."

"நல்லா இருக்கா மேடம்?"

"நல்லா இருக்கது கெடக்கட்டும். கண்ணாடி எடுக்கலாம்னு பையைத் தொறந்தா, உள்ள ஸ்டேஷன் லீவ் பேப்பர் இருக்குடே. நான் கொடுக்கவே இல்ல. நோக்கம் காலியா கெடக்கு."

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். எனக்கு அவ்வளவு சந்தோஷம். போர்வையை உதறிவிட்டு எழுந்து உட்கார்ந்து தொடையில் தட்டிக்கொண்டேன். குரலில் மட்டும் கவலையை வரவழைத்துக்கொண்டு, "யாருக்கு மேடம் தெரியப்போகுது? போய்ட்டு வாங்க" என்றேன்.

"எனக்குத் தெரியும்லா."

"அப்ப சாருக்கு ஒரு போன் போட்டுச் சொல்லிடுங்க." சார் என்றால் எங்கள் டெபுடி செக்ரட்டரி தட்சிணாமூர்த்தி.

"எல்லையைத் தாண்டிட்டுக் கேக்கதுக்குப் பேரு பர்மிஷனாடே?"

பிறகு மெதுவாகச் சொன்னார்: "இப்பத் திரும்பினா பத்து மணிக்கு டெல்லி. பேப்பரைக் கிழிச்சுப் போட்டா அதோட முடிஞ்சுது, முப்பத்தேழு வருஷமும் சுத்தமா இருக்கும். மேல போனா இருக்காது. திங்கக்கெழமை நானே நோட் போடணும், எம்மேலயே."

"என்ன மேடம் பண்ணப்போறீங்க?"

"டீ ஆறுது" என்று போனை வைத்துவிட்டார்.

இதற்குமேல் நடந்ததெல்லாம் திங்கட்கிழமை மத்தியானம் செக்‌ஷனில் அவரே நின்றும் நடந்தும் சொன்னது. காரை டெல்லிப் பக்கமே திருப்பியிருக்கிறார். முகம் தொங்கிப்போய், கண்ணில் தண்ணீர் முட்ட, ஒரு ஃபர்லாங் போயிருப்பார். எதிரே அந்தக் கரும்பு டிராக்டர் வருகிறது. காலையில் அவர் முந்திவிட்டு வந்த அதே டிராக்டர். அதை ஓட்டி வந்த சர்தார்ஜி இவரை அடையாளம் கண்டு சிரித்துக் கையை ஆட்டினாராம். மேடத்துக்கு வந்ததே கோபம்!

"நான் முந்தின ஒரே வண்டிடே. அதையும் விட்டுக்கொடுத்துட்டு வீட்டுக்குப் போயி என்ன செய்ய? பாத்திரம் தேய்க்கவா?"

அங்கேயே காரைத் திருப்பினார். நாலு லாரிக்காரர்கள் திட்டினார்கள். முசாபர்நகர் வருவதற்குள் டிராக்டரை மறுபடியும் முந்திவிட்டார்.

ஷிவ்புரியில் மணலில் இறங்கியபோது மத்தியானம் இரண்டு மணி. கயாக் சொல்லிக்கொடுக்கும் நேகி என்ற கட்வால் மலைக்காரர் இவரைப் பார்த்ததும் கைகூப்பி, "மாதாஜி, ஆசிரமம் எல்லாம் கீழே ரிஷிகேஷில்" என்று இந்தியில் வழி சொன்னாராம். "ஆசிரமம் நஹி பையா, கயாக்" என்றாராம் மேடம். நேகி இவரையும் காரையும் மாறிமாறிப் பார்த்திருக்கிறார். வயது கேட்டார். ஐம்பத்தெட்டு என்றார் மேடம். நீந்தத் தெரியுமா என்று கேட்டார். "தாமிரபரணி" என்று ஒரே வார்த்தையில் பதில். அவருக்கு என்ன புரிந்ததோ, தலைக்கவசத்தை எடுத்துக் கொடுத்தார்.

முதலில் இடுப்பில் ஒரு ரப்பர் பாவாடை மாட்டினார்கள். பிறகு கயாக்கின் ஓட்டைக்குள் காலை நீட்டி உட்காரவைத்து, அந்தப் பாவாடையின் ஓரத்தை இழுத்து ஓட்டையின் விளிம்பைச் சுற்றி மாட்டினார்கள். தண்ணீர் உள்ளே போகாது. இடுப்புக்கு மேலே இந்திராணி, கீழே படகு. மேடத்துக்கு அப்போதுதான் விளங்கியது. ஆற்றங்கரையில் உட்கார்ந்து விழுந்து விழுந்து சிரித்திருக்கிறார். நேகி பயந்துபோய்த் தண்ணீர் கொடுத்தாராம்.

முதல் பாடமே கவிழ்வதுதான். கவிழ்ந்தால், தலைகீழாகத் தொங்கிக்கொண்டே பாவாடையின் முன்னால் இருக்கும் வாரை இழுத்துக்கொண்டு வெளியே வர வேண்டும். பனி உருகி வருகிற தண்ணீர், எலும்புக்குள் போகிற குளிர். நேகி ஆழமில்லாத இடத்தில் பக்கத்தில் நின்றுகொண்டு இவரைக் கவிழ்த்தார். மேடம் கண்ணைத் திறந்து பார்த்தார். எங்கும் பச்சை. முதல் தடவை கவிழ்ந்தபோது தண்ணீருக்குள் மெமோ ஞாபகம் வந்ததாம். இரண்டாவது தடவையும் வந்ததாம். மூன்றாவது தடவை வரவே இல்லையாம். நாலாவது தடவை, தேவையில்லாமல், தானாகவே கவிழ்ந்து பார்த்தார்.

பிறகு துடுப்பு. இரண்டு முனையும் தட்டையாக இருக்கும் நீளத் துடுப்பு. முதலில் கயாக் முன்னால் போகாமல் இருந்த இடத்திலேயே வட்டமடித்தது. நேகி கரையிலிருந்து ஏதேதோ கத்தினார். "ஜல்தி இல்ல, இரி" என்று பாதித் தமிழில் அவரை அதட்டிவிட்டு, இடது, வலது, இடது, வலது என்று எண்ணிக்கொண்டே போட்டார். கயாக்கின் மூக்கு நேரானது. ஆறு அங்கே அமைதியாக, அகலமாக இருக்கும். அக்கரையைத் தொட்டுவிட்டுத் திரும்பும்போது நடு கங்கையில் துடுப்பை உயரத் தூக்கி, மலை எதிரொலிக்க ஒரு கூச்சல் போட்டிருக்கிறார்.

"ஏ சுப்பு! உடுத்திட்டேன்டே!"

இதைச் சொன்னபோது செக்‌ஷனில் பதினோரு பேரும் கைதட்டினோம். அந்த மனுஷி சந்தோஷத்தில் கூப்பிட்ட பெயர் என்னுடையது. சனிக்கிழமை காலையில் தொடையில் தட்டிக்கொண்டவன் நான்.

கூடாரத்தில் தூங்கினார். தூங்கும் பைக்குள் புகுந்து ஜிப்பை இழுத்துக்கொண்டபோது, பகலெல்லாம் படகை உடுத்தினோம், இப்போது மெத்தையையும் உடுத்துகிறோம் என்று மறுபடி சிரிப்பு. ஞாயிறு விடிந்ததும் வழக்கம்போல எழுந்து, கூடாரத்துக்கு முன்னால் மணலில் தண்ணீர் தெளித்துத் தட்டி, எட்டுப் புள்ளிக் கோலம் போட்டார்.

அப்போது மேலே இருந்த கிராமத்துப் பிள்ளைகள் கூடை கூடையாகப் பூவோடு இறங்கி வந்தார்கள். அந்தப் பக்கத்தில் பங்குனி பிறந்ததும் பூத் திருவிழா. ஃபூல் தேயி என்கிறார்கள். எட்டு நாள், காலையில் பிள்ளைகள் வீடு வீடாகப் போய் வாசற்படியில் பூப்போட்டு அந்த வீடு நன்றாக இருக்க வேண்டும் என்று பாடுவார்கள். வீட்டுக்காரர்கள் அரிசியும் வெல்லமும் கொடுப்பார்கள். அன்று ஏழாம் நாள். முகாமில் நேகியின் சமையல்கொட்டகைக்குப் படி இருந்தது, பூப்போட்டார்கள். கூடாரங்களுக்கு ஏது படி? தாண்டிப் போகப்போனார்கள். கோலத்தைப் பார்த்ததும் நின்றார்கள். சுற்றிவந்து பார்த்தார்கள். தங்களுக்குள் பேசி முடிவுசெய்து, கோலத்தின் மேலேயே மஞ்சள் பூவை அள்ளிப் போட்டுப் பாட ஆரம்பித்துவிட்டார்கள்.

"வீடில்லாத எடத்துல எனக்கு வாசல் வச்சுட்டுப் போனாங்கடே" என்றார் மேடம். அரிசிக்குப் பதிலாக முறுக்கு டின்னை நீட்டினார். அதோடு விடுவார்களா? கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு மேலே ஏறினார்கள். ஊரில் பதினாலு வீடு. பதினாலு வாசலிலும் டிராக் சூட்டோடு குனிந்து இவரும் பூப்போட்டார். பாட்டு தெரியாததால் வாயை மட்டும் அசைத்தாராம். ஒவ்வொரு வீட்டிலும் கையில் ஒரு துண்டு வெல்லம். அதை வாயில் அடக்கிக்கொண்டே காரை எடுத்து, இருட்டுவதற்குள் கிட்வாய் நகர் வந்து சேர்ந்தார்.

திங்கள் காலை ஒன்பது மணிக்கு சீட்டில் இருந்தார். மூக்கு நுனி வெயிலில் உரிந்திருந்தது. முதல் வேலையாக ஒரு நோட் எழுதி என்னிடம் நீட்டினார்: 'கீழே கையெழுத்திட்டவர் சனி, ஞாயிறு அன்று அனுமதியின்றி டெல்லியைவிட்டுச் சென்றார். விளக்கம் கேட்கலாம்.' கையெழுத்தும் அவரே. வேண்டாம் மேடம் என்று கெஞ்சினேன். ஃபைலைப் பிடுங்கிக்கொண்டு அவரே மேலே கொண்டுபோனார். மாலைக்குள் விளக்கம் கேட்டு மெமோ இறங்கியது, மறுநாள் காலை அவருடைய விளக்கம் ஏறியது. இங்கிலீஷில் இருந்ததை எனக்குத் தெரிந்த தமிழில் தருகிறேன்: 'கயாக் ஓட்டுவதற்காகச் சென்றேன். அனுமதி பெறவில்லை என்பது கத்தௌலியில் தெரிந்தது. தெரிந்தே மேலே சென்றேன். யாருக்கும் உடம்பு சரியில்லாமல் போகவில்லை. மிகவும் சந்தோஷமாக இருந்தேன்.'

தட்சிணாமூர்த்தி சார் எங்கள் இரண்டு பேரையும் அறைக்குக் கூப்பிட்டார். ஃபைலைப் படித்துப் படித்து அவருக்கே சிரிப்பு. "என் சர்வீஸ்ல இப்படி ஒரு விளக்கம் பார்த்ததில்லைங்க" என்றார். பிறகு முகத்தை நேராக்கிக்கொண்டு சொன்னார்: "இந்திராணி, கடைசியில 'வருந்துகிறேன்'னு ஒரே ஒரு வார்த்தை சேர்த்துடுங்க. நான் இங்கேயே மூடிடறேன். அது இல்லேன்னா எனக்கு வேற வழி இல்லை, சர்வீஸ் புக்ல ஏத்தணும்."

தன் பேனாவைத் திறந்து நீட்டினார். மேடம் வாங்கிக்கொண்டார். காகிதத்துக்கு மேலே பேனாவைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "எழுதுங்க மேடம், ஒரு வார்த்தைதான்" என்று நான் காதில் கிசுகிசுத்தேன். அந்தப் புத்தகத்தின்மேல் அவருக்கு எவ்வளவு ஆசை என்று அந்த அறையில் எனக்கு மட்டும்தான் தெரியும். அவர் கண் கலங்கியதைப் பார்த்தேன். எழுதிவிடுவார் என்றுதான் நினைத்தேன்.

பேனாவை மூடி சாரிடமே திருப்பிக் கொடுத்தார்.

"நேத்து ராத்திரி உக்காந்து தேடிப் பாத்துட்டேன் சார். ஒரு சொட்டு வருத்தம் இல்ல."

அன்று மத்தியானம் சர்வீஸ் புக்கை எடுத்து என் மேஜையில் வைத்தார். பதிவு எழுத வேண்டியவன் நான்தான். 'அனுமதியின்றி வெளியூர் சென்றதற்காக' என்று ஆரம்பித்தேன். பின்னால் நின்று எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தவர் என் தோளில் தட்டினார்.

"வெளியூர்னு எழுதாதடே. ஊர் பேரைப் போடு."

அடித்துவிட்டு எழுதினேன்: 'ஷிவ்புரி சென்றதற்காக.' அந்தத் தடிப் புத்தகத்தில் முப்பத்தேழு வருஷத்து இன்கிரிமென்ட் இருக்கிறது, பதவி உயர்வு இருக்கிறது, ஆபீஸ் செலவில் திருநெல்வேலி போய்வந்த கணக்கு இருக்கிறது. தனக்காக அவர் போன ஊர் என்று இருப்பது இது ஒன்றுதான். மேடம் குனிந்து, மை காயும்வரை அந்த வரியின்மேல் ஊதிக்கொண்டே இருந்தார்.